அது அவருடைய அறை



கழுத்தில் தண்டுவடம் அடிபட்டு, கை கால் நான்கும் செயலிழந்த ஒரு சகோதரருக்குக் கட்டிலும் காற்று மெத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். நம் கடமை முடிந்தது என்று நினைத்தோம். அவரோ, "ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார்.

அவர் தலையணை அருகே குனிந்து பார்த்தோம். மின்விசிறியும் மருந்து டப்பாக்களும்தான் தெரிந்தன.

பிறகு அவரிடமே கேட்டுக் கேட்டு மாற்றினோம். வாசலும் ஜன்னலும் தெரிய, தொழும்போது கிப்லாவை நோக்கியிருக்கக் கட்டிலைத் திருப்பினோம். மருந்துகள் அலமாரிக்குள் போயின. பிள்ளைகளின் படங்களை அவர் கண்ணுக்கு நேராக மாட்டினோம். குரலுக்கு இயங்கும் செல்போனைத் தலைமாட்டில் பொருத்தினோம்.

வீட்டார் கவனிக்க வேண்டியவையும் உண்டு. காற்று மெத்தை இருந்தாலும் ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையேல் படுக்கைப் புண் வரும். அதற்குக் கட்டிலின் இருபுறமும் ஆள் நிற்க இடம் வேண்டும். இவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. அறை சூடானால் உடம்பும் சூடேறிவிடும். ஆகவே காற்றோட்டம் அவசியம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கதவைத் தட்டி, ஸலாம் சொல்லி, அனுமதி பெற்று உள்ளே போங்கள். எழுந்து வர முடியாதவர் என்பதால் அது பொது இடமாகிவிடாது.

அடுத்த முறை நாம் போனபோது அவரே முந்திக்கொண்டு, "வாங்க, உட்காருங்க, டீ குடிச்சிட்டுத்தான் போகணும்" என்றார். விருந்தாளியை வரவேற்கும் வீட்டுக்காரரின் குரல் அது. நாம் உதவும் ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் குரல் கேட்க வேண்டும்.