அத்தோவும் பேஜோவும்



சிற்றுண்டி என்றவுடன் உங்கள் மனக்கண் முன்னே இட்டலியும் தோசையும் வடையும் வந்து நிற்கும். அவற்றின் பெருமையை நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்பதில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வேறொரு சிற்றுண்டி வரிசையை. அது கடல் கடந்து வந்தது. வந்த வழியில் துன்பம் மிகப்பட்டது.

சென்னையில் செல்வர் வாழும் பகுதிகளில் இப்போது ஒருவகை உணவகங்கள் பெருகி வருகின்றன. அங்கே இலை நிறையச் சோறு கிடைக்காது. உள்ளங்கை அகலத் தட்டில் நான்கு வாய் உணவு வரும். நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஏழெட்டுத் தட்டுக்களை வரவழைத்துப் பகிர்ந்து உண்பார்கள். ஸ்பெயின் நாட்டில் இத்தகைய தட்டுக்களைத் தப்பாஸ் என்பர். தென் சீனத்தில் திம் சம் என்ற பெயரில் தேநீரோடு சேர்த்து உண்பர். சென்ற மாதம் அப்படிப்பட்ட உணவகம் ஒன்றைப் பற்றி நான் வியந்து பேசிக்கொண்டிருந்தபோது, என் அண்ணன் மகன் சிரித்தான். அவன் கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழிற்பேட்டையில் பயிற்சியாளனாகச் சேர்ந்து ஓராண்டுதான் ஆகிறது. "சித்தப்பா, எங்கள் ரயிலடிக்கு வாருங்கள். நான்கு தட்டு வாங்கித் தருகிறேன். பிறகு உங்கள் உணவகத்தைப் பற்றிப் பேசுவோம்" என்றான்.

சென்னைக் கடற்கரை நிலையத்தில் மின்சார ரயில் ஏறினேன். திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று வண்டி வடக்கே சென்றது. கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது விளக்கு வைக்கும் நேரம். ஆலைகளில் வேலைமுறை மாறும் வேளையாதலால் தெருவெல்லாம் சைக்கிளும் சீருடையுமாக இருந்தது. தமிழும் தெலுங்கும் ஒடியாவும் இந்தியும் கலந்து காதில் விழுந்தன. அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு தள்ளுவண்டி. அதில் ஆவி பறக்கும் அண்டா ஒன்று, எவர்சில்வர்ப் பாத்திரங்கள் பத்துப் பன்னிரண்டு, குவியலாகச் செம்மஞ்சள் நிறச் சேமியா. வண்டிக்குப் பின்னால் எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் நின்றார்.

அவர் கை வேலை செய்த விதத்தை நான் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு கிண்ணத்தில் அந்தச் சேமியாவை ஒரு பிடி இட்டார். மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோசு, வெங்காயம், கொத்தமல்லித் தழை மேலே விழுந்தன. பொன்னிறமாக வறுத்த வெங்காயமும், பூண்டு பொரித்த எண்ணெயும், மிளகாய்ப் பொடியும், புளிக்கரைசலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. மொறுமொறுப்பான தட்டை போன்ற ஒன்றை நொறுக்கித் தூவினார். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். பிறகு விரல்களால் நான்கு முறை புரட்டித் தட்டில் கவிழ்த்தார். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் அத்தோ. பர்மிய மொழியில் கையால் கலந்து பிசைந்த உணவுக்கு அத்தோக் என்று பெயர். அதன் ஈற்று மெய் நம் நாவில் தேய்ந்துவிட்டது.

நொறுக்கித் தூவிய பொருளின் பெயர் பேஜோ. பே என்றால் பருப்பு. ஜோ என்றால் பொரித்தது. அதைத் தனியாகவும் சூடான சாற்றில் ஊறவைத்துத் தருகிறார்கள். மூன்றாவது தட்டில் அவித்த முட்டை. அதைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயத்தைத் திணித்து, பூண்டெண்ணெயும் புளிநீரும் விட்டிருந்தார். ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று என் அண்ணன் மகன் கட்டளையிட்டான். சட்டையைப் பாழாக்கிக்கொண்ட பிறகுதான் அவன் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கியது. நான்காவது மொய்ங்கா. வாழைத்தண்டு மிதக்கும் கெட்டியான சாற்றில் சேமியா.

இந்தத் தட்டுக்கள் நம் ஊருக்கு வந்தது எப்படி? வரலாற்றுப் பாடத்தில் பர்மாவை இரண்டு வரியில் கடந்துவிடுகிறோம். பிரிட்டிஷார் 1885-இல் அந்நாட்டை முழுவதும் கைப்பற்றி, 1937 வரை இந்தியாவோடு சேர்த்தே ஆண்டார்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கே லேவாதேவி நடத்தினார்கள். அவர்களைப் போலப் பொருள் இல்லாத தமிழரும் தெலுங்கரும் அரிசி ஆலைகளிலும் துறைமுகத்திலும் மூட்டை சுமந்தார்கள். 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன் மீது குண்டு வீசினர். இலட்சக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து கால்நடையாக இந்தியா வந்தார்கள். வழியிலேயே மாண்டவர் பலர். போருக்குப் பின் திரும்பிச் சென்றவர்களும், போகாமல் அங்கேயே தங்கியவர்களும் மீண்டும் வேரூன்றத் தொடங்கிய காலத்தில் அடுத்த அடி விழுந்தது. 1962-இல் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-இல் கடைகளும் வாணிகமும் அரசுடைமையாயின. அதே ஆண்டில் ஐம்பது, நூறு கியாத் நோட்டுக்கள் செல்லாதவை ஆயின. பணமோ நகையோ கொண்டுபோகத் தடை. அப்படிக் கப்பலேறி வந்தவர்களுக்குச் சென்னையில் துறைமுகத்தை ஒட்டி நடைபாதைக் கடைகள் அமைந்தன. இன்று பர்மா பஜார் என்று நாம் அழைப்பது அதைத்தான். அதற்குப் பின்புறம் இரண்டாவது கடற்கரைச் சாலையில் அத்தோக் கடைகள் இன்றும் மாலைதோறும் கூடுகின்றன. வடசென்னையிலும் எண்ணூரிலும் குடியேறிய குடும்பங்கள் வழியாக அந்தத் தட்டு ரயில் பாதையோடு வடக்கே நகர்ந்திருக்கிறது.

பர்மாவில் மொய்ங்கா காலை உணவு. அங்கே கெளுத்தி போன்ற ஆற்று மீனை வேகவைத்து, எலுமிச்சம்புல்லும் இஞ்சியும் சேர்த்து, மீனைப் புளிக்கவைத்துச் செய்த ஙப்பி என்னும் விழுதைக் கூட்டிச் சாறு காய்ச்சுவார்கள். இந்தப் பெரியவரின் அண்டாவில் மீனும் இல்லை, ஙப்பியும் இல்லை. கேட்டேன்.

"என் அம்மா முதலில் மீன் போட்டுத்தான் விற்றார், ஐயா. வாடை தாங்கவில்லை என்று ஜனங்கள் தெருவைத் தாண்டிப் போனார்கள். பத்து நாள் சாறு முழுவதையும் நாங்களே குடித்தோம். பதினோராம் நாள் மீனை நிறுத்திவிட்டார். கடலைமாவைக் கூட்டினார், பூண்டைக் கூட்டினார். வாழைத்தண்டு மட்டும் மாறவில்லை; அது இரண்டு ஊரிலும் இருக்கிறதல்லவா?"

புதிய சமையல் என்று பெரிய உணவகங்கள் விளம்பரம் செய்யும்போது, சமையற்காரரின் கற்பனை என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். இந்த அம்மையாருக்குக் கற்பனை செய்ய நேரம் இருந்திருக்குமா என்று தெரியவில்லை. ஐந்து குழந்தைகள் இருந்தார்களாம். பெரியவருக்கு அப்போது வயது பத்து. இலவசப் பயணச் சீட்டு, தகரப் பெட்டி ஒன்று, அதற்குள் சமையல் பாத்திரங்கள்: அவ்வளவுதான் அவர்கள் சொத்து. மூக்குத்தியைக்கூட அங்கேயே விட்டுவிட்டு வந்தார்களாம். "பர்மாக்காரன்" என்று பள்ளியில் தம்மைக் கேலி செய்ததையும் அவர் சொன்னார். பர்மாவில் அவருக்கு வேறு பெயர். அங்கே இந்தியரை இழிவாக அழைக்க ஒரு சொல் இருந்தது. அதை நான் இங்கே சொல்லவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் ஒடிசாவைச் சேர்ந்த இளைஞர் மூவர் வந்தார்கள். உறைப்பு வேண்டாம் என்று இந்தியில் சொன்னார்கள். பெரியவர் மிளகாய்ப் பொடிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். வேர்க்கடலையை இடித்துத் தூவினார். அதை என் தட்டில் போடவில்லையே என்றேன்.

"இந்தப் பையன்கள் கேட்டதால் இரண்டு வருஷமாகப் போடுகிறேன். பர்மாவிலும் கடலை தூவுவார்கள். என் அம்மா அதை விட்டுவிட்டார், ஏன் என்று எனக்குத் தெரியாது. விலை காரணமாக இருக்கலாம்."

அரை நூற்றாண்டு காணாமற்போன ஒரு பொருள், ஒடிசா இளைஞர் கேட்டதால் தட்டுக்குத் திரும்பியிருக்கிறது. எனக்கும் ஒரு பிடி தூவச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

கையைக் கழுவிக்கொண்டு, பர்மாவில் உறவினர் யாரேனும் உண்டா என்று விசாரித்தேன். தம் சித்தப்பா குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். கப்பலில் வந்து சேர்ந்த பிறகு அவருக்கு இந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லையாம். மனைவி மக்களோடு ரயிலேறி அஸ்ஸாம் போய், மணிப்பூர் வழியாகத் தரை மார்க்கமாகவே பர்மாவுக்குத் திரும்ப முயன்றிருக்கிறார். எல்லையில் விடவில்லை. அவரைப் போலத் திருப்பப்பட்ட தமிழர் பலர் எல்லையில் உள்ள மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே அவர்கள் எழுப்பிய கோயிலும் தமிழ்ச் சங்கமும் இருக்கின்றன.

"சித்தப்பா மகன் இப்போதும் அங்கேதான் இருக்கிறான். சின்னக் கடை வைத்திருக்கிறான்."

"அவரும் அத்தோ விற்கிறாரா?"

பெரியவர் அண்டாவை மூடிக்கொண்டே சிரித்தார். "இல்லை ஐயா. அத்தோ அங்கே எல்லார் வீட்டிலும் செய்வார்கள், யார் வாங்குவார்? அவன் இட்டலி விற்கிறான்."