விதையிலிருந்து விதை வரை

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர்களைப் பேச அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்றுதான் சபை எதிர்பார்க்கும். இன்று அவற்றுக்கு விடுமுறை கொடுப்போம். ஆரம்பப் பிரிவின் பின்புறம் எஞ்சியிருக்கும் வெறும் நிலத்தைச் சீமெந்திட்டு வாகனத் தரிப்பிடமாக்கலாம் என்றொரு யோசனை நமது சங்கத்தில் வந்திருக்கிறது. முடிவெடுக்க முன், அந்த நிலத்தில் நமது சின்னப் பிள்ளைகள் என்ன கற்கலாம் என்று நாம் சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.

பாலர் வகுப்பை நமது பாட்டிமார் 'கிண்டர்கார்டன்' என்பார்கள். 1840 இல் ஜேர்மனியில் பிரடெரிக் புரோபல் வைத்த பெயர் அது. சிறுவர் தோட்டம் என்று பொருள். அவர் பெயரோடு நின்றுவிடாமல், பிள்ளைகள் பயிர் செய்ய உண்மையான பாத்திகளையும் பிரித்துக் கொடுத்தார். பெயர் உலகெங்கும் பரவியது. பாத்தி பல இடங்களில் விடுபட்டுப் போயிற்று.

ஈரப் பஞ்சில் பயறு முளைக்கவைக்கும் பாடம் நமது வகுப்புகளில் இன்றும் நடக்கிறது. நல்ல பாடம்தான். ஆனால் முளை வந்ததும் படம் வரைந்து, பெயர் குறித்து, பஞ்சோடு தூக்கி எறிந்துவிடுகிறோம். பிறகு இலை ஒரு நாள், பூ ஒரு நாள், விதை பரம்பல் இன்னொரு நாள். புலமைப்பரிசில் வினாத்தாளில் படங்களை ஒழுங்குபடுத்தத் தெரிந்த பிள்ளைக்கும், இவையெல்லாம் ஒரே செடியின் வாழ்க்கை என்பது மனதில் பதியாமல் போகலாம்.

இதற்கு வழி எளியது. பயறு விதைத்து ஏறக்குறைய 60 முதல் 70 நாட்களில் நெற்று முற்றிவிடும். நமது தவணையோ மூன்று மாதம். முதல் வாரத்தில் பிள்ளை ஊன்றும் பயறு, தவணை முடிய முன் அவள் கையாலேயே உடைக்கும் நெற்றாகிவிடும். உள்ளே பத்துப் பன்னிரண்டு பயறு இருக்கும். அவற்றில் சிலவற்றை அடுத்த தவணைக்கு எடுத்து வைக்கட்டும். விதையிலிருந்து விதை வரையான வட்டம் அப்போதுதான் அவளுக்கு முழுமையாகும்.

இடையில் பார்ப்பதற்கு எவ்வளவோ உண்டு. முதலில் வேர் கீழே இறங்கும். பின்பு வித்திலைகள் இரண்டும் மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். தம்மிடமிருந்த உணவைக் கொடுத்துச் சுருங்கி உதிரும். முதற் சோடி இலைகள் தனி இலைகள். அதன்பின் வருபவை மூன்று சிற்றிலை கொண்டவை. இதைச் சொல்லிக் கொடுக்காமல் வாரம் ஒருமுறை வரையச் சொல்லுங்கள். 'ரீச்சர், இலை மாறிப் போச்சு' என்று ஒரு பிள்ளை ஓடி வருவாள். அந்த நாளைக் கெடுத்துவிடாதீர்கள்.

வைத்தியத்துறையில் நாங்கள் வளர்ச்சி, விருத்தி என்று இரண்டு சொற்களை வேறுவேறாக வைத்திருக்கிறோம். உயரமும் நிறையும் கூடுவது வளர்ச்சி. புதிய ஆற்றல்கள் வருவது விருத்தி. இந்த வேறுபாட்டைப் பயறே காட்டும். ஒரு சாடியை வெளிச்சத்திலும் இன்னொன்றை அலுமாரிக்குள்ளும் வைத்துப் பாருங்கள். இரண்டும் முளைக்கும். இருட்டில் உள்ளது மற்றதைவிட உயரமாகவும் இருக்கும். ஆனால் வெளிறி, மெலிந்து, இலை விரியாமல் நிற்கும். உயர்ந்ததெல்லாம் செழித்ததாகாது என்பதைப் பிள்ளை கண்ணால் காண்பாள்.

இன்னொன்று. ஒரே நாளில் பத்து விதை ஊன்றினால் பத்தும் ஒரே நாளில் வராது. ஒன்றிரண்டு வராமலும் போகும். அதையும் பிள்ளை எண்ணிக் குறிக்கட்டும். 'பக்கத்து வீட்டுப் பிள்ளை நடக்குது, எங்கட பிள்ளை இன்னும் நடக்கேல்லை' என்று கலங்கும் தாய்மாரைக் கிளினிக்கில் நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். 9 மாதத்தில் நடக்கும் பிள்ளையும் உண்டு, 16 மாதத்தில் நடக்கும் பிள்ளையும் உண்டு. 18 மாதமாகியும் நடக்காவிட்டால் கட்டாயம் காட்டவேண்டும். பிந்தி முளைத்த விதையைப் பொறுமையோடு பார்த்திருந்து பழகியவர்கள், நாளை தாய்மாராகவும் ஆசிரியைகளாகவும் பிள்ளைகளை அதே பொறுமையோடு பார்ப்பார்கள் என்று நம்புகிறோம்.

'செடி எதைச் சாப்பிடுது?' என்று சிறுவர் கேட்பார்கள். மண்ணை என்று உடனே சொல்லிவிடாதீர்கள். இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் ஹெல்மொன்ற் 200 இறாத்தல் மண்ணில் 5 இறாத்தல் வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டு நீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 இறாத்தலாயிற்று. மண்ணில் குறைந்தது 2 அவுன்ஸ் மட்டுமே. மரம் முழுவதும் நீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். காற்றுக்கும் ஒளிக்கும் உள்ள பங்கைப் பின்வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். பெரியவர்களுக்கே ஐந்து ஆண்டு எடுத்த கேள்வியோடு பிள்ளைகள் சில வாரம் இருந்து பார்ப்பதில் தவறில்லை.

சில எச்சரிக்கைகள். மருந்து பூசிய விதைகள் வேண்டாம். சமையலறைப் பயறே போதும். மஞ்சள் அலரி, குன்றிமணி, ஆமணக்கு விதைகள் நஞ்சு. வகுப்பறைக்குள் கொண்டுவரக் கூடாது. பயறு மூக்கிலோ காதிலோ போய்விட்டால் தண்ணீர் விடாதீர்கள். ஊறிப் பெருத்து இறுகிவிடும். நோண்டாமல் வைத்தியரிடம் கொண்டுவாருங்கள். சாடித் தட்டுகளில் தேங்கும் நீரை வாரத்தில் இருமுறையாவது கொட்டிக் கழுவுங்கள். டெங்கு நுளம்புக்கு அவ்வளவு நீர் போதும்.

கடல் கடந்து வாழும் சகோதரிகளே, ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒரு ஜன்னலோரம் இருந்தால் உங்கள் பேரப்பிள்ளைகளும் இதைச் செய்யலாம். முளைகள் வெளிச்சத்தின் பக்கம் சாயும். சாடியைத் திருப்பி வைத்து, மறுநாள் என்ன நடக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இங்குள்ள பிள்ளைகளும் அங்குள்ள பிள்ளைகளும் ஒரே வாரத்தில் விதைத்துத் தங்கள் படங்களை ஒருவருக்கொருவர் அனுப்பினால் நூற்றாண்டுக்கு அதுவும் ஓர் உறவுப் பாலமாகும்.

ஆகவே நமது வேண்டுகோள் இது. பின்புற நிலத்தில் சீமெந்து இடவேண்டாம். வகுப்புக்கு ஒரு பாத்தி, ஆடு மாடு புகாத வேலி, சில மண்வெட்டிகள், பூவாளிகள், இவை போதும். வாகனங்களை வீதியோரத்தில் நிறுத்திவிட்டு நாம் நடந்து வரலாம். நமக்கும் அந்த நடை நல்லது. வைத்தியர்களாக இதையாவது சொல்லாமல் போனால் நீங்கள் எங்களை விடமாட்டீர்கள்.

நமது பள்ளி இன்னும் பல நூற்றாண்டு தழைத்தோங்க வாழ்த்தி விடைபெறுகிறோம்.