நம்பர் பிளேட்டும் சரிகைக் கணக்கும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன் செய்து, "உன் தொழிலைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார். "சார், நான் ஷோரூமில் நம்பர் பிளேட் எண்ணுகிறவன். அதில் பேச என்ன இருக்கு?" என்றேன். "அதையே பேசு" என்று சொல்லி வைத்துவிட்டார். என்னோடு மெக்கானிக்கல் படித்தவர்களில் ஒருவன் பாலம் கட்டுகிறான், ஒருவன் வெளிநாட்டில் இன்ஜின் வடிவமைக்கிறான். நான் புது வண்டிகளின் பதிவு, நம்பர் பிளேட், டெலிவரி மூன்றுக்கும் பொறுப்பாளன். எனவே பொறுத்துக் கேளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் காஞ்சிபுரம் பக்கம் முசரவாக்கம். நான் சிறுவனாக இருந்தபோது, வண்டிக்கு டி.என். 21 என்று தொடங்கும் எண் கிடைத்ததும் கடைவீதிப் பெயின்டரிடம் போவார்கள். அவர் தன் கைவண்ணத்தைக் காட்டி எழுதுவார். ஓரத்தில் குலதெய்வமோ அபிமான நடிகரோ இடம்பெறுவதும் உண்டு. பார்க்க அழகுதான். ஆனால் அதே எண்ணை இன்னொரு வண்டியில் எழுதினால் கண்டுபிடிக்க வழியில்லை.

அதற்காகத்தான் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டுக்கான விதி 2001-இல் வந்தது. ஒப்பந்தம், வழக்கு என்று இழுத்து, 1-4-2019 முதல்தான் புதிதாகத் தயாரான எல்லா வண்டிகளுக்கும் அது நாடு முழுவதும் கட்டாயமாயிற்று. அலுமினியத் தகடு, மூலையில் அசோகச் சக்கர ஹாலோகிராம், இடப்பக்கம் லேசரால் பொறித்த தனி எண். முன் பிளேட்டுக்கு ஒன்று, பின் பிளேட்டுக்கு வேறொன்று. பூட்டுத் திருகைக் கழற்றினால் உடைந்துதான் வரும்; மறுபடி மாட்ட முடியாது. காருக்கு முன் கண்ணாடியின் உட்புறம் ஒட்டும் மூன்றாவது அடையாளமும் உண்டு. பெட்ரோலுக்கு நீலம், டீசலுக்கு ஆரஞ்சு.

இப்போது பிளேட் மாட்டுவது டீலர் பொறுப்பு. படிவம் 20 பதிவு விண்ணப்பம், 21 விற்பனைச் சான்று, 22 தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்று. இவற்றோடு இன்சூரன்ஸ், முகவரிச் சான்று எல்லாம் 'வாகன்' கணினியில் ஏற வேண்டும். எண் ஒதுக்கிய பிறகு பிளேட் வரும். அதன் லேசர் எண்களையும் ஏற்ற வேண்டும். இதில் தமிழ்நாட்டுக்கே உரிய தலைவலி இனிஷியல். ஆதாரில் பெயருக்கு முன்னால், வங்கிக் கடிதத்தில் பின்னால், இன்சூரன்ஸில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் ஒத்துப்போகாமல் ஃபைல் திரும்பி வந்தால், "என்ன சார், எல்லாம் நான்தானே!" என்பார் வாடிக்கையாளர். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அது கம்ப்யூட்டருக்குத் தெரியாதே!

இனி என் தவறைச் சொல்கிறேன். 2021 ஆயுத பூஜைக்கு முந்தைய நாள். அப்போது நான் ஓர் இரு சக்கர வாகன ஷோரூமில் இருந்தேன். ஒரே நிறத்தில், ஒரே மாடலில் இரண்டு ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்து நின்றன. கூட்டமான கூட்டம். பையன்கள் பிளேட்டை மாற்றி மாட்டிவிட்டார்கள். சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவன் நான். வண்டியின் சேஸிஸ் எண்ணைக் குனிந்து பார்க்காமலே போட்டேன்.

அதில் ஒரு வண்டி எங்கள் ஊர்ப் பக்கத்து நெசவாளர் ஒருவருடையது. சில மாதங்களில் அவர் பெயருக்கு ஹெல்மெட் அபராதம் ஒன்று வந்தது. அவரோ ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகாதவர்! ஏதோ தவறு என்று விட்டுவிட்டார். பிறகு அவர் வண்டியை ஒரு வேன் இடித்தது. நல்லவேளை, அவருக்குக் காயமில்லை. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்தார். ஆர்.சி.யில் ஓர் எண், வண்டியில் வேறு எண். "இது யார் வண்டி?" என்ற கேள்வி வந்துவிட்டது. சொந்தக் காசில் வாங்கிய வண்டிக்குத் திருடனைப் போலப் பதில் சொல்ல வேண்டிய நிலை. எல்லாம் சரியாகி, புது பிளேட் வந்து, இழப்பீடு கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை நெய்த புடவையைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில்தான் காஞ்சிபுரம் போய் வந்தார்.

மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். தறிக் குழியிலிருந்து எழுந்திருக்காமலே சொன்னார்: "தம்பி, சொசைட்டியிலே பட்டையும் சரிகையையும் எடை போட்டுத்தான் குடுக்கறாங்க. புடவையை எடை போட்டுத்தான் வாங்கறாங்க. மிச்சச் சரிகைக்கும் கணக்கு உண்டு. அம்பது வருஷமா நெய்யறவன்னு யாரும் எடை போடாம வாங்கறதில்லே. நீங்க எப்படி லட்ச ரூபா வண்டியைக் கண்ணாலே பார்த்துக் குடுத்தீங்க?"

என் அப்பாவும் நெசவாளர்தான். அந்தத் தராசையும் கணக்குப் புத்தகத்தையும் பார்த்துத்தான் வளர்ந்தேன். இருந்தும் எனக்குத் தோன்றவில்லை.

அன்று முதல் சரிகைக் கணக்கையே கொண்டுவந்தேன். பிளேட் வந்ததும் எண்ணும் இரண்டு லேசர் எண்களும் புத்தகத்தில் ஏறும். அந்த வண்டியின் ஃபைலோடு சேர்த்து அலமாரியில் பூட்டப்படும். மாட்டும்போது இருவர் வேண்டும். ஒருவர் வண்டியிலிருந்து பதினேழு இலக்க சேஸிஸ் எண்ணை உரக்கப் படிப்பார். மற்றவர் காகிதத்தைப் பார்த்துச் சரி சொல்வார். பிறகு அதேபோல லேசர் எண்கள். மாலையில் இருப்பு எண்ணுவோம்: காலை இருப்பு, வந்தது, மாட்டியது, சேதமானது. சேதமான பிளேட் பழைய இரும்புக் கடைக்குப் போகாது. கையெழுத்து வாங்கிக்கொண்டு தயாரித்தவரிடமே திரும்பும். ஒன்று குறைந்தாலும் தேடாமல் வீட்டுக்குப் போவதில்லை. இப்போது வேலை பார்க்கும் கார் ஷோரூமிலும் இதே முறைதான்.

இன்னொன்றில் நான் பிடிவாதக்காரன். எண் பொருத்தாமல் புது வண்டியை உரிமையாளரிடம் ஒப்படைக்கக் கூடாது என்று 2019-இல் சட்டத் திருத்தம் வந்தது. ஆனால் நல்ல நாள் என்றால் வாடிக்கையாளர் கேட்கமாட்டார். "வண்டியைக் குடுங்க, நம்பர் அப்புறம் வரட்டும்" என்பார். விற்பனைப் பிரிவும் அவர் பக்கம் பேசும். எனவே முன்பணம் வாங்கும் அன்றே, "எந்த நாளில் வேண்டும்? அதற்கு இத்தனை நாள் முன்னால் காகிதம் எல்லாம் வரணும்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம். முக்கால்வாசிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிட்டது.

"இன்ஜினியரிங் படித்ததற்கு இதுவா வேலை?" என்று சில தம்பிகள் கேட்கிறார்கள். ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, யார் கையில் போனது என்று எப்போது கேட்டாலும் சொல்லத் தெரிவதும் இன்ஜினியரிங்தான். அதை எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒரு தராசு.

போன வருஷம் அந்தப் பெரியவர் மருமகனோடு எங்கள் கார் ஷோரூமுக்கு வந்தார். சாவியைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கேட்டார்: "என்ன தம்பி, எடை போட்டாச்சா?"

"போட்டாச்சு அய்யா" என்றேன்.