எதிர் நாற்காலி

காளவாசல் சந்திப்பில் காலை எட்டரை மணிக்கு வந்து நிற்கும் ஒரு டவுன் பஸ்ஸைப் பார்த்தால் போதும், இந்தச் சொற்பொழிவின் பொருள் கண்ணுக்கு முன்னால் நிற்கும். ஓட்டுநரும் நடத்துநரும் அரசுப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்கள். செக்கானூரணிப் பக்கம் பள்ளிக்குப் போகும் ஆசிரியை அரசு ஊழியர். வடபழஞ்சி ஐ.டி. பூங்காவில் இறங்கப்போகும் பெண் தனியார் கம்பெனியில் இருப்பவர். பாலத்துக்கு அடியில் குப்பை வண்டியோடு நிற்பவர் ஒப்பந்தக்காரரின் ஆள். ஐந்து பேரும் ஒரே கடையில் அரிசி வாங்குகிறவர்கள். ஆனால் சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்றால் என்ன செய்யலாம் என்ற கேள்விக்குச் சட்டம் அவர்களுக்கு நாலு விதமாகப் பதில் சொல்கிறது.

ஓட்டுநர் 2025 நவம்பர் வரை தொழில் தகராறுச் சட்டத்தின் கீழும், அதன் பிறகு அதற்குப் பதிலாக வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின் கீழும் வருகிறவர். முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்து வேலைநிறுத்தம் செய்யலாம். அவருடைய சங்கம் நிர்வாகத்துக்கு எதிரே உட்கார்ந்து ஊதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும். டெப்போக்களில் அதற்கு '12(3) ஒப்பந்தம்' என்று பெயர். ஆசிரியைக்கு அந்த நாற்காலி கிடையாது. 1973ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 22ஆவது விதி வேலைநிறுத்தத்தைத் தடுக்கிறது. சங்கம் வைக்கலாம், மனு கொடுக்கலாம், அமைச்சர் கூப்பிட்டால் போய்ப் பேசலாம். கூப்பிடாவிட்டால் கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

இது தமிழ்நாட்டின் பிரச்சினை மட்டுமில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919இல் தொடங்கியபோதே உறுப்பினரான இந்தியா, அதன் 87, 98ஆம் எண் உடன்படிக்கைகளை இன்றுவரை ஏற்கவில்லை. சங்கம் சேரும் உரிமையும் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையும்தான் அவற்றின் உள்ளடக்கம். ஏற்காததற்கு அரசு சொல்லிவரும் காரணம், ஏற்றால் அரசு ஊழியருக்கு இப்போது விதிகள் மறுக்கிற சில உரிமைகளைக் கொடுக்க வேண்டிவரும் என்பது. அந்தச் செக்கானூரணி ஆசிரியையும் அவரைப் போன்றவர்களும் எதிரே உட்கார்ந்துவிடக்கூடாது என்பதற்காக நாடே ஒரு கையெழுத்தை நிறுத்தி வைத்திருக்கிறது.

எதிர்வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்வதுதான் நேர்மை. மாநிலங்கள் இன்று முதலீட்டுக்காகப் போட்டி போடுகின்றன. ஆந்திரம் ஒரு ஆலையைக் கூப்பிடுகிறது, குஜராத் இன்னொன்றை. வரிப்பணமெல்லாம் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போய்விட்டால் சாலை போட, மின்பாதை இழுக்க, தொழிற்பூங்கா அமைக்கக் கையில் என்ன இருக்கும்? 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர், மதுரை மத்தியத் தொகுதி உறுப்பினர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, 2020-21ஆம் ஆண்டின் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி ரூபாய் என்றது. அரசு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நட்டம் என்றும் சொன்னது. காளவாசலில் இருந்து உசிலம்பட்டி போய்ச் சேருவதற்குள் அந்தக் கணக்கு எவ்வளவு ஆகும் என்பதை நடத்துநரே பெருக்கிப் பார்த்துவிடுவார். இந்த எண்களைச் சங்கங்கள் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியாது.

ஆனால் இந்த வாதத்தை அதன் கடைசி எல்லை வரை இழுத்துப் பார்த்த ஆண்டு ஒன்று தமிழ்நாட்டுக்கு உண்டு: 2003.

2001இல் ஆட்சிக்கு வந்த அ.தி.மு.க. அரசும் நிதி நிலைமை பற்றி ஒரு வெள்ளை அறிக்கையோடுதான் தொடங்கியது. கஜானா காலி என்றார்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே போனஸ் வெட்டுக்கு எதிராகப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2002இல் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் வந்தது. ஊழியர் வாயில் அது 'டெஸ்மா'. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேருவோருக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியம்தான் என்றாயிற்று. ஏற்கெனவே பணியில் இருந்தவர்களின் ஓய்வுகாலச் சலுகைகளிலும் கத்தி விழுந்தது. ஜூலை 2ஆம் தேதி அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 4ஆம் தேதி ஓர் அவசரச் சட்டம் பிறந்தது. அதைக் கொண்டு 1,70,000க்கும் மேற்பட்டோரை அரசு ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்தது.

ஒரு லட்சத்து எழுபதாயிரம் என்பதை எண்ணாக மட்டும் படித்துக் கடந்துவிடக் கூடாது. கிளார்க், தட்டச்சர், ஆசிரியர், கிராம நிர்வாக அலுவலர் என்று ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு வீட்டு வாடகை, ஒரு கூட்டுறவுச் சங்கக் கடன், கல்லூரிக் கட்டணத்துக்குக் காத்திருக்கும் ஒரு பிள்ளை. விசாரணையின்றி அரசு ஊழியரை நீக்கக்கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 311ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பாதுகாப்பை நம்பித்தான் ஒருவர் குறைந்த சம்பளத்துக்கும் அரசு வேலைக்கு வருகிறார். அது ஒரே நாளில் காற்றில் போனது.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்று டிவிஷன் பெஞ்ச் திருப்பி அனுப்பியது. அந்தத் தீர்ப்பாயத்தில் அப்போது இருந்தது ஒரே ஓர் உறுப்பினர். லட்சக்கணக்கானோரின் முறையீட்டை ஒருவர் எத்தனை ஆண்டுகளில் கேட்டு முடிப்பார்? உச்ச நீதிமன்றம் இந்த நிலைமையைக் கருத்தில் கொண்டுதான் வழக்கை நேரடியாகக் கையில் எடுத்தது. மனுதாரர் சி.ஐ.டி.யு. தலைவர் டி.கே. ரங்கராஜன். 2003 ஆகஸ்ட் 6ஆம் தேதி நீதிபதிகள் எம்.பி. ஷாவும் ஏ.ஆர். லட்சுமணனும் தீர்ப்பளித்தார்கள்: வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மிக நியாயமும் அதற்கு இல்லை. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பணிக்குத் திரும்பினார்கள். மிஞ்சியவர்களின் நிலையை ஆராய ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூவர் அமர்ந்தார்கள்.

வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையில்லை என்பது 1962இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னதுதான். தார்மிக நியாயமும் இல்லை என்று சேர்த்ததில்தான் மனம் ஒப்ப மறுக்கிறது. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளரை வ.உ.சி. வேலைநிறுத்தத்துக்கு நடத்திச் சென்று வென்றபோது எந்தச் சட்டமும் அவர் பக்கம் இல்லை. தார்மிக நியாயம் மட்டும்தான் இருந்தது.

சரி, 2003இல் நினைத்தது நடந்ததா? அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. 2004 மே மாதத்திலேயே அன்றைய முதல்வர் ஜெயலலிதா ஊழியர் மீதான நடவடிக்கைகளைக் கைவிட்டார். ஆனால் 2003 ஏப்ரலில் பேசாமல் முடிவெடுத்த ஓய்வூதியப் பிரச்சினை அப்படித் தீரவில்லை. 2019 ஜனவரியில் அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ ஒன்பது நாள் நடத்திய போராட்டத்தின் முதல் கோரிக்கை அதுதான். கைதானவர்கள் சிறைக்குப் போனார்கள், சஸ்பெண்ட் ஆனார்கள், பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் ஐ.ஏ.எஸ். அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையில் ஓய்வூதியம் பற்றி ஆராயக் குழு போட்டார்கள். 2026 ஜனவரியில்தான் கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்யும் திட்டத்தை அரசு அறிவித்தது. ஊழியரும் தம் பங்காகப் பத்து விழுக்காடு கட்ட வேண்டும். கொடுக்கல் வாங்கல் உள்ள ஒரு நடுவழி அது. எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருந்தால் 2003இலேயே எட்டியிருக்கக்கூடியதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளும் இத்தனை சிறைவாசமும் செலவாகியிருக்கின்றன.

இதற்குப் பக்கத்தில் நாற்காலி உள்ள இடத்தின் கதையை வைத்துப் பார்க்கலாம். அதற்கு மதுரையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912இல் தொடங்கிய பஸ் சர்வீஸைப் பார்த்து மதுரைக்காரர்கள் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அது அரசுடைமையாகி 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆனது. 1997இல் பெயர் மாறி அரசுப் போக்குவரத்துக் கழகம் என்றானது. தலைமை அலுவலகம் காளவாசல் வழியே போகும் பைபாஸ் ரோட்டில்தான்.

2018 ஜனவரி 4ஆம் தேதி மாலை வேலைநிறுத்தம் தொடங்கி பஸ்கள் டெப்போவுக்குத் திரும்பின. அடிப்படை ஊதியத்தை 2.57ஆல் பெருக்க வேண்டும் என்றன சங்கங்கள். அரசு 2.44க்கு மேல் ஏறாது என்றது. அதோடு ஓய்வு பெற்றவர்களுக்குத் தரவேண்டிய பணம் கோடிகோடியாக நிலுவையில் கிடந்தது. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. தற்காலிக ஓட்டுநர்களை வைத்து வண்டியை எடுத்தார்கள். மக்கள் பயந்து பயந்து ஏறினார்கள். ஆனால் அது எட்டு நாளில் முடிந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி பத்மநாபனை உயர் நீதிமன்றம் நடுவராக அமர்த்தியதும் ஊழியர் பணிக்குத் திரும்பினார்கள். யாரும் கூண்டோடு டிஸ்மிஸ் ஆகவில்லை. பேசுவதற்கு மேசையும் எதிரே கையெழுத்திடும் தகுதியுள்ள தரப்பும் ஏற்கெனவே இருந்ததால்தான் இது முடிந்தது. அதன் பிறகு வந்த 14ஆவது, 15ஆவது ஒப்பந்தங்களும் முட்டி மோதித்தான் வந்தன. 2025இல் ஆறு விழுக்காடு உயர்வில் நின்றது. மகிழ்ச்சி யாருக்கும் இல்லை. ஆனாலும் பஸ் ஓடியது.

2018 போராட்டம் முடிந்து ஒன்பதே நாளில், ஜனவரி 20ஆம் தேதி, பஸ் கட்டணம் ஏறியது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். உங்கள் சம்பளத்துக்கு எங்கள் பாக்கெட்டா என்ற கோபம் அப்போது நிஜமாகவே இருந்தது. 2011 நவம்பருக்குப் பிறகு ஏறாத கட்டணம் அது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும். டீசல் ஏறுகிறது, கட்டணம் ஏறுவதில்லை, மாணவரும் பெண்களும் இலவசமாகப் போகிறார்கள். இந்த இலவசப் பயணம் அரசு மனமறிந்து எடுத்த நல்ல முடிவு. மகளிர் இலவசப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அந்த மிச்சத்தால் வேலைக்குப் போக முடிகிற பெண்தான் தொழிற்சாலை வாசலில் நிற்கிறார். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நாலு பேர் தமிழ்நாட்டில் இருப்பது தற்செயலில்லை. பஸ்ஸின் நட்டக் கணக்கில் இந்த லாபம் எழுதப்படுவதில்லை. 59 ரூபாய் 15 காசை ஓட்டுநரின் சம்பளத்தின் மேல் ஏற்றிப் பேசும்போது இதை யாரும் நினைப்பதில்லை.

வெளியூர்க் கதை ஒன்று இந்த இடத்தில் உதவும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் உள்ளாட்சி ஊழியருக்குக் கூட்டுப் பேர உரிமையை 1959இலேயே கொடுத்து அந்நாட்டில் முன்னோடியானது. 2011இல் ஆளுநர் ஸ்காட் வாக்கர் அந்த உரிமையை ஏறத்தாழ இல்லாமல் செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தார். தொழில்களை வரவேற்க மாநிலம் திறந்திருக்கிறது என்பது அவருடைய முழக்கம். 2017இல் ஃபாக்ஸ்கான் கம்பெனி ஆயிரம் கோடி டாலரோடும் 13,000 வேலைகளோடும் வருவதாக அங்கே பெரும் விழாவே நடந்தது. 2021இல் அந்த ஒப்பந்தத்தை 67 கோடி டாலராகவும் 1,454 வேலைகளாகவும் சுருக்கினார்கள். அதே கம்பெனி ஸ்ரீபெரும்புதூரில் ஆயிரமாயிரம் பெண்களை வைத்து ஐபோன் பூட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே சங்கம் உண்டு, மறியல் உண்டு, செங்கொடி உண்டு. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பெண்கள் மருத்துவமனைக்குப் போனபோது அவர்களுடைய தோழிகள் பெங்களூர் நெடுஞ்சாலையையே மறித்தார்கள். ஆலை மூன்று வாரத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. கம்பெனி மூட்டை கட்டவில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு திறந்தது. அதற்கு அடுத்த மாதம் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. முதலீட்டாளர் ஓடிவிடுவார் என்ற பயம் அப்போதும் பலமாகச் சொல்லப்பட்டது.

இலங்கையின் அனுபவம் இன்னும் கசப்பானது. 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசு 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் சுமார் 40,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது.

ஆகவே, மாநிலத்தின் போட்டித்திறனுக்கு ஊழியரின் வாயைக் கட்ட வேண்டும் என்ற வாதத்துக்குத் தமிழ்நாட்டு அனுபவத்தில் ஆதாரம் கிடைக்கவில்லை. நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் இது. இங்கே ஆலை வைப்பவர் தேடுவது படித்த பிள்ளைகளையும் நேரத்துக்கு வரும் பஸ்ஸையும் மருந்துள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையும்தான். அவற்றையெல்லாம் நடத்துகிறவர்கள் அரசு ஊழியர்கள்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1960இல் மத்திய அரசு ஊழியர் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்து அடிபட்ட பிறகு, 1966இல் அவர்களுக்குக் கூட்டு ஆலோசனை அமைப்பு வந்தது. ஊதியம், வேலை நேரம், விடுப்பு ஆகியவற்றில் உடன்பாடு வராவிட்டால் நடுவர் தீர்ப்புக்குப் போகலாம். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கும் சட்டத்தின் பலத்தோடு அப்படி ஒன்று வேண்டும். நிதிக் கணக்கை அரசு அந்த மேசையில் விரித்துக் காட்ட வேண்டும். நடுவர் தீர்ப்பை ஏற்க முடியாவிட்டால் காரணத்தைச் சட்டமன்றத்தில் சொல்ல வேண்டும். பதிலுக்குச் சங்கங்கள் மருத்துவமனை, குடிநீர், மின்சாரம் ஆகியவற்றில் எந்தப் போராட்டத்திலும் குறைந்தபட்சப் பணி நிற்காது என்று எழுதித் தரவேண்டும். டெஸ்மாவைவிட அது பொதுமக்களுக்கு நல்ல காவல்.

சங்கங்களிடம் கேட்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. நிரந்தர ஊழியரின் அகவிலைப்படிக்கும் விடுப்பு சரண்டருக்கும் எழும் குரல், அதே அலுவலகத்தில் தொகுப்பூதியத்துக்கும் அவுட்சோர்சிங்கிலும் வேலை செய்கிறவருக்காக அத்தனை உரக்க எழவில்லை. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்து அந்தப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி இரவு போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. அந்த மண்டலத்தின் பெயருக்குரிய திரு.வி.க., 1918இல் பெரம்பூர் மில் தொழிலாளருக்காகப் பி.பி. வாடியாவோடு சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவர். மாநகராட்சியைக் கேட்டால் ஒப்பந்தக்காரரிடம் போ என்கிறது. ஒப்பந்தக்காரரைக் கேட்டால் மாநகராட்சி கொடுத்தால்தான் நான் கொடுப்பேன் என்கிறார். காளவாசல் பாலத்துக்கு அடியில் குப்பை வண்டியோடு நிற்பவர் யாருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்காருவது என்று இன்னும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.