சின்னக் கெர்னலில் தொடங்குங்கள்

ஊத்துக்குளியில் ரயிலேறி ஈரோட்டுக்கும் கோவைக்கும் பொறியியல் படிக்கப் போகிற பிள்ளைகளுக்காக இன்று பேசுகிறேன். அவர்களை அனுப்பிவிட்டு பனியன் கம்பெனிக்குக் கிளம்பும் பெற்றோரும் கேளுங்கள்.

ஓவர்லாக் மெஷின் ஒன்று, டெய்லர் நான்கு பேர் என்றால், யார் எப்போது உட்காருவது என்று சூப்பர்வைசர்தான் சொல்லியாக வேண்டும். கணினிக்குள் அந்த வேலையைப் பார்ப்பது கெர்னல். பாட்டு, படம், பிரவுசர் எல்லாமே பிராசஸரைக் கேட்கும். கெர்னல் ஒவ்வொன்றுக்கும் துளி நேரம் கொடுத்து, டைமர் தட்டியதும் அடுத்ததற்கு மாற்றிவிடும். ஒரு புரோகிராமின் நினைவகத்தில் இன்னொன்று கைவைக்காமலும் காக்கும்.

கெர்னல் எழுதக் கற்க ஆசைப்படுகிறவர்கள் பலர் நேரே லினக்ஸ் கெர்னலைத் திறக்கிறார்கள். 1991-ல் சுமார் பத்தாயிரம் வரிகளோடு வந்த லினக்ஸ், இன்று இரண்டு கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. புதியவருக்கு எங்கே கைவைப்பது என்றே தெரியாது.

1970-களில் சிட்னியில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர், யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஆறாம் பதிப்புக் கெர்னலை, ஏறக்குறைய ஒன்பதாயிரம் வரிகள், மாணவர் கையில் கொடுத்து வரிவரியாக விளக்கினார். ஒருவரே முழுதாகப் படித்து முடிக்கக்கூடிய கெர்னல் அது! அதே வழியில் 2006-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்ததுதான் எக்ஸ்வி6 என்ற சின்னக் கெர்னல். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் செஸ்டர் ரெபைரோவின் என்.பி.டி.இ.எல். பாடமும் இதைக்கொண்டே நடக்கிறது. காணொளிகளைக் காசில்லாமல் பார்க்கலாம். இன்றைய எக்ஸ்வி6 ரிஸ்க்-ஃபைவ் என்ற பிராசஸர் கட்டளைத் தொகுப்புக்காக எழுதப்பட்டது. அதே ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி பிராசஸருக்கும் அடிப்படை அந்தத் தொகுப்பே. நம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு!

சி மொழியில் நினைவக முகவரியைச் சுட்டும் பாயிண்டர் பிடிபடாமல் இதில் ஓரடி நகர முடியாது. அதற்கு ஒரு மாதம் செலவானாலும் தகும். பிறகு, பழைய லேப்டாப்பிலேயே கணினிக்குள் இன்னொரு கணினியைப் பாவனை செய்யும் கியூஎமு என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதற்குள் எக்ஸ்வி6-ஐ ஓடவிடுங்கள். உள்ளே கெர்னல் நொறுங்கி நின்றாலும் உங்கள் கணினிக்கு ஒன்றும் ஆகாது. துணிந்து மாற்றிப் பாருங்கள். முதல் பயிற்சியாக, புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் வழியான சிஸ்டம் கால் ஒன்றைச் சொந்தமாகச் சேருங்கள். எத்தனை புரோகிராம்கள் ஓடுகின்றன என்று எண்ணிச் சொன்னால் போதும். எழுத வேண்டியது சில வரிகள்தான். ஆனால் பயனர் பக்கத்திலிருந்து கெர்னலுக்குள் போய்த் திரும்பும் பாதை முழுவதும் அதில் தெரிந்துவிடும்.

கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் புரோகிராமுக்கு எப்போது பிராசஸர் என்று முடிவுசெய்யும் ஷெட்யூலிங்கைத் தேர்வுத்தாளில் கணக்காகப் போடவைப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இந்தப் பருவத்திலேயே உங்கள் லேபில் எக்ஸ்வி6-ஐ ஏற்றி, அதன் ஷெட்யூலரைப் பிள்ளைகளே மாற்றி எழுத விடுங்கள்.