மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே



பெரிய ராக் இசை விழாக்களின் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். பாடகரின் நெற்றி வியர்வை தெரியும். கிதார் வாசிப்பவரின் புறங்கை நரம்பு தெரியும். அவ்வளவு நெருக்கத்தில் அந்தப் படத்தை எடுத்தவர் எங்கே நின்றிருப்பார்? மேடைக்கும் முதல் வரிசை ரசிகர்களுக்கும் நடுவே இரண்டு மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு சந்து விடப்பட்டிருக்கும். ஒரு பக்கம் ஆளுயர மேடை, மறுபக்கம் நெஞ்சுயரத் தடுப்பு. விழாக்காரர்கள் அதை ‘பிட்’ என்பார்கள். அந்தச் சந்தில் கேமராவோடு நின்று வேலை பார்த்ததைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அந்தச் சந்து யாருக்காக விடப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே நிற்கிற ஒளிப்படக்காரர்களில் பலர் அதை நினைத்துப் பார்ப்பதில்லை.

நான் போனது டென்மார்க்கில் நடக்கும் ரோஸ்கில்டே விழாவுக்கு. தலைநகர் கோபன்ஹேகனிலிருந்து மேற்கே, ரயிலில் அரை மணிக்கும் குறைவான தூரம். ரோஸ்கில்டே பழைய ஊர். டென்மார்க்கின் அரசர்களும் அரசிகளும் அடக்கமாகியிருக்கும் செங்கல் பேராலயம் அங்கேதான் இருக்கிறது. வைக்கிங் காலக் கப்பல்களைக் கடலடியிலிருந்து எடுத்துவந்து வைத்திருக்கும் அருங்காட்சியகமும் உண்டு. இப்படிப்பட்ட அமைதியான ஊரில், 1971ஆம் ஆண்டு பள்ளி மாணவர்கள் இருவர் முன்னின்று ஓர் இசை விழாவைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே ஓர் அறக்கட்டளை அதன் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. அன்று முதல் விழாவில் மிஞ்சும் லாபம் தனியார் பைக்குப் போவதில்லை. தொண்டுப் பணிகளுக்குப் போகிறது. ஜூன் கடைசியில் கூடாரம் போடத் தொடங்குகிற கூட்டம் ஜூலை முதல் வாரத்தில்தான் கலைகிறது. சுமார் 1,30,000 பேர் கூடுகிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 30,000 பேர் சம்பளமில்லாமல் வேலை செய்யும் தன்னார்வலர்கள். சமையல், துப்புரவு, நுழைவாயில் காவல் எல்லாவற்றிலும் அவர்கள் கை இருக்கிறது.

பெரிய மேடைக்கு ஆரஞ்சு மேடை என்று பெயர். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1976ஆம் ஆண்டு ஐரோப்பியப் பயணத்துக்காகச் செய்வித்த ஆரஞ்சு நிறக் கூரையை, 1978இல் ரோஸ்கில்டே விழாக்குழு விலைக்கு வாங்கியது. அந்த வளைவுக் கூரையின் உருவம்தான் இன்றுவரை விழாவின் அடையாளம்.

ஒளிப்படக்காரனுக்கு இந்த விழாவின் முதல் பரிசு வெளிச்சம். ரோஸ்கில்டே ஏறத்தாழ 55 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஜூலைத் தொடக்கத்தில் அங்கே சூரியன் மறைய இரவு 10 மணி ஆகிவிடும். நம் ஊரில் சூரியன் நேராக இறங்கி மறைகிறது. மஞ்சள் வெயிலைப் பிடிக்க நமக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டிச் சாய்வாகப் போகிறது. அதனால் அந்தப் பொன்னிற வெளிச்சம் மணிக்கணக்கில் நீளும். எட்டு மணிக் கச்சேரியில் ஆயிரக்கணக்கான முகங்கள் மீது பக்கவாட்டில் வெயில் விழும்போது, ஒவ்வொரு முகமும் தனித்தனியாகத் தெரியும். ஸ்டூடியோவில் எத்தனை விளக்கு வைத்தாலும் அப்படி ஓர் ஒளி அமையாது. ஆனால் அதே நேரத்தில் மேடையை எடுப்பது கடினம். கூரை நிழலில் டிரம்ஸ் வாசிப்பவர் இருட்டில் இருப்பார். மேடை விளிம்புக்கு வருகிற பாடகர் வெயிலில் வெளுத்துப் போவார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே அளவு வைக்க முடியாது. யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். நான் பெரும்பாலும் வெயிலில் நிற்பவருக்கு அளவு வைத்து, மற்றவர்களை நிழலுருவமாக விட்டுவிடுவேன்.

பிட்டுக்குள் நுழைய விழாக்குழு தருகிற தனிக் கைப்பட்டை வேண்டும். பத்திரிகை கொடுத்த கடிதத்தோடு மாதக்கணக்கில் முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும்.  

பிட்டின் சட்டம் ஒரே வரிதான். முதல் மூன்று பாட்டு, ஃப்ளாஷ் கூடாது. ரோஸ்கில்டே மட்டுமல்ல, உலகெங்கும் பெரிய மேடைகளில் இதுதான் வழக்கம். மூன்று பாட்டு என்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். மூன்றாவது பாட்டின் கடைசித் தாளம் விழுந்ததும் பாதுகாவலர்கள் கை காட்டுவார்கள். வரிசையாக வெளியேற வேண்டும். கச்சேரி உச்சத்துக்குப் போகிற நேரத்தில் நாம் வேலிக்கு வெளியே நின்றிருப்போம்.

அந்தப் பத்து நிமிடத்துக்குள் செய்ய வேண்டியது நிறைய. மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துப் பாடுகிறவரை நேர் எதிரே நின்று எடுத்தால் பாதி முகம் மைக்குக்குப் பின்னால் போய்விடும். சற்றுப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். பாடிக்கொண்டிருக்கும்போது எடுப்பதைவிட, ஒரு வரி முடிந்து மூச்சை இழுக்கப் பின்வாங்குகிற கணத்தில் எடுப்பது நல்லது. வாய் கோணாமல் இருக்கும், கண் திறந்திருக்கும். எனவே பாட்டைக் கேட்காமல் படம் எடுக்க முடியாது. குழுவின் பழைய இசைத்தட்டுகளை முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போகிறவருக்கு, எந்த இடத்தில் கிதார் உயரும், எங்கே டிரம்ஸ் வெடிக்கும் என்பது தெரியும். இருட்டிய பிறகு வருகிற குழுக்களுக்கு ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றி, ஷட்டரை 1/250 நொடிக்குக் குறையாமல் வைத்துக்கொள்வேன். அதற்கும் மேல் சோதிப்பவை இப்போதைய எல்இடி விளக்குகள். முழுச் சிவப்பை அடித்துவிட்டால் முகத்தில் மூக்கும் கன்னமும் பிரியாமல் ஒரே செந்திட்டாகிவிடும். அப்போது பொறுத்திருப்பதைத் தவிர வழியில்லை. இருப்பதே பத்து நிமிடம், அதில் பொறுத்தும் இருக்க வேண்டும்!

காதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆழ்ந்த ஒலியை எழுப்பும் பெரிய ஸ்பீக்கர்கள் பல மேடைகளில் பிட்டுக்குள்ளேயே அடுக்கப்பட்டிருக்கும். ஒலி நெஞ்செலும்பில் வந்து இடிக்கும். 85 டெசிபெல் சத்தத்தில் நாளுக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்றால், 100 டெசிபெல்லில் 15 நிமிடம்தான் இருக்கலாம் என்பது தொழிலாளர் நலத்துக்கான அமெரிக்க நிறுவனம் வகுத்த அளவு. பிட்டில் ஒரே நாளில் பல குழுக்களை எடுக்கிறவர் காதடைப்பான் இல்லாமல் நின்றால், கேட்கும் திறனைக் கொடுத்துவிட்டுப் படத்தை வாங்குகிறார் என்றுதான் பொருள். போன காது திரும்ப வராது.

ராக் விழாக்கள் பிறந்த காலத்தில் மூன்று பாட்டுக் கணக்கு இல்லை. 1967 ஜூனில் கலிபோர்னியாவின் மான்டெரேயில் நடந்த விழாவில், எட் காராஃப் என்ற 17 வயதுப் பள்ளி மாணவன் மேடையோரத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று படம் எடுத்தான். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தன் கிதாருக்குத் தீ வைத்து, மண்டியிட்டுத் தீயை மேலெழச் சொல்வதுபோல் கையசைத்த கணம் அவன் கேமராவில் விழுந்தது. ராக் இசையின் வரலாற்றில் அதைவிடப் புகழ்பெற்ற படம் உண்டா என்று எனக்குச் சந்தேகம்தான். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் பெத்தேல் கிராமத்தில் உட்ஸ்டாக் விழா நடந்தது. நான்கு லட்சம் பேர் கூடினார்கள் என்பது பொதுவான கணக்கு. ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் ஒளிப்படக்காரர் பேரன் வுல்மன் அங்கே மேடையை விட்டுவிட்டுப் பெரும்பாலும் கூட்டத்தைத்தான் எடுத்தார். சேற்றில் நடந்தவர்களையும், குளத்தில் குளித்தவர்களையும், குழந்தையைத் தோளில் சுமந்து வந்தவர்களையும் எடுத்தார்.

உட்ஸ்டாக் படங்களில் தமிழர்கள் தேடிப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மேடையின் பின்பக்கத்திலிருந்து எடுத்த படம் அது. காவி உடையில் ஒரு துறவி மேடை மேல் அமர்ந்திருக்கிறார். எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் இளைஞர் கூட்டம். அந்தத் துறவி கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர். விழாவின் முதல் நாளில் அந்தப் பெருங்கூட்டத்தைப் பார்த்து அமைதியைப் பற்றிப் பேசினார். அவர் முகத்தைவிட அவர் எதிர்கொண்ட கூட்டமே அந்தப் படத்தில் பெரிதாக இருக்கிறது. எடுத்தவர் நின்ற இடம் அந்தப் படத்தின் பொருளையே தீர்மானித்துவிட்டது.

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தச் சந்து யாருக்காக?

2000ஆம் ஆண்டு ஜூன் 30. ரோஸ்கில்டேயின் ஆரஞ்சு மேடையில் பேர்ல் ஜாம் என்ற அமெரிக்கக் குழு வாசித்துக்கொண்டிருந்தது. மழை பெய்து தரை ஈரம். முன்வரிசைப் பக்கம் சிலர் கால் இடறி விழுந்தார்கள். பின்னாலிருந்து வந்த அழுத்தத்தில் அவர்கள் மேல் மற்றவர்கள் விழுந்தார்கள். இசையின் சத்தத்தில் கூக்குரல் பத்தடி தாண்டவில்லை. பின்னால் நின்றவர்களுக்கு எதுவும் தெரியாது. குழுவினர் வாசிப்பை நிறுத்தி, எல்லாரும் பின்னால் நகருங்கள் என்று மன்றாடினார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. எட்டு இளைஞர்கள் அன்றிரவே இறந்தார்கள். ஒன்பதாமவர் சில நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். டென்மார்க், ஸ்வீடன், நெதர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரேலியா நாட்டுப் பிள்ளைகள். மிக மூத்தவருக்கு வயது 26. பாட்டுக் கேட்க வந்தவர்கள். விழா மைதானத்தில் ஒன்பது மரங்கள் சூழ அவர்களுக்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது. அங்கே போய் நின்றேன். கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

கூட்ட நெரிசலில் மிதிபட்டுத்தான் சாகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் மூச்சு முட்டித்தான் சாகிறார்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஆறேழு பேர் என்று நெருங்கிவிட்டால், யாரும் தன் காலால் நிற்பதில்லை. கூட்டம் தள்ளுகிற பக்கம் உடம்பு போகிறது. விலா எலும்பு விரிய இடமில்லாதபோது நின்ற நிலையிலேயே மூச்சு நின்றுபோகும். அந்த இரவுக்குப் பிறகு ரோஸ்கில்டேயில் முன்பகுதியைத் தனித்தனிக் கட்டங்களாகத் தடுத்து, எண்ணித்தான் ஆட்களை விடுகிறார்கள். கூட்டத்தின் தலைக்கு மேல் படுத்து மிதந்து போவதற்குத் தடை. தடுப்பின் அமைப்பையும் கவனித்தேன். அதன் அடித்தட்டு ரசிகர்கள் பக்கமாக நீண்டிருக்கும். அவர்கள் அதன் மேலேயே நிற்பதால், அவர்களுடைய எடையே தடுப்பைச் சாயாமல் பிடித்துக்கொள்கிறது. பிட் பக்கத்தில் ஒரு படி இருக்கும். பாதுகாவலர்கள் அதில் ஏறி நின்று முகங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். யார் முகம் வெளுக்கிறது, யார் கண் செருகுகிறது என்று பார்ப்பார்கள். மேடையை அவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தண்ணீர்க் கோப்பைகளை நீட்டிக்கொண்டே இருப்பார்கள். மயங்குகிறவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, தடுப்பைத் தாண்டவைத்து, பிட் வழியாக மருத்துவக் கூடாரத்துக்கு அனுப்புவார்கள்.

நேயர்களே, அந்தச் சந்து அவர்களுக்காக விடப்பட்டது. அது உயிரைக் காப்பாற்றும் வழி. நம் ஊர்த் தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் நிற்கிற இடத்தில் வேறு யாரும் நிற்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். பிட்டும் அப்படிப்பட்ட இடம். அங்கே ஒளிப்படக்காரருக்குக் கொடுத்திருப்பது சலுகை. மூன்று பாட்டோடு வெளியே அனுப்புகிறார்களே என்று ஒளிப்படக்காரர்கள் குறைபட்டுக்கொள்வதுண்டு. அந்த நினைவுக் கல்லைப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் குறை இல்லை. கலைஞர்களின் மேலாளர்கள் நீட்டுகிற சில ஒப்பந்தங்களைப் பற்றிய குறை வேறு; அது நியாயமானது. எடுத்த படத்தின் உரிமையையே எழுதிக் கொடு என்கிறார்கள். 2015இல் ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவின் அப்படியொரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்து, ரசிகர்கள் எடுத்த படங்களை விலைக்கு வாங்குவோம் என்று வாஷிங்டன் சிட்டி பேப்பர் அறிவித்தது. அந்தப் பத்திரிகை செய்தது சரி.

மூன்று பாட்டுக்குப் பிறகு மிச்ச நாள் முழுக்க விழா நம் கையில்தான். காலைக் குளிரில் கூடாரத்துக்கு வெளியே ரப்பர் பூட்ஸோடு பல் துலக்குகிறவர்கள். காலிக் கோப்பைகளைத் திருப்பிக் கொடுத்து வைப்புத்தொகை வாங்குவதற்காகவே வந்து, மூட்டை மூட்டையாகப் பொறுக்குகிறவர்கள். அவர்களில் ஒரு பெரியவரிடம் கேமராவைக் காட்டிச் சைகையால் கேட்டேன். மூட்டையைக் கீழே வைத்து, சட்டையை இழுத்துவிட்டு, நேராக நின்றார். நான் அங்கே எடுத்த படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். குடித்து நிலை தவறிக் கிடப்பவர்களை எடுக்கவில்லை. விடுமுறையில் வந்த பிள்ளை ஒருவரின் ஒரு நாள் நிலையை, வாழ்நாள் முழுக்கத் தொடர்கிற படமாக்க எனக்கு உரிமை இல்லை.

நம் ஊரிலும் திறந்தவெளி இசை நிகழ்ச்சிகள் பெருகிவருகின்றன. கேமராவோடும் செல்பேசியோடும் முன்வரிசைக்குப் போகும் இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மருந்துக் கடையில் கிடைக்கும் காதடைப்பானை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டுத் தொடங்கும் முன் வெளியேறும் வழி எங்கே என்று பார்த்துவையுங்கள். பாதுகாவலர் நிற்கும் பாதையை மறிக்காதீர்கள். பக்கத்தில் ஒருவர் மூச்சுக்குத் திணறுவது தெரிந்தால், கேமராவை இறக்கிவிட்டு இரண்டு கையையும் உயர்த்திப் பாதுகாவலரைக் கூப்பிடுங்கள்.