தீப்பட்ட பட்டறையை மீட்போம்



நாற்று வாடும் வேளையில் பம்பு பழுதானால், நாம் ஓடுவது ஊர்ப் பட்டறைக்கே. அங்குத் தீப்பற்றினால், கரி படிந்த கடைசல் இயந்திரத்தைப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிடச் சிலர் அவசரப்படுவர். அது பெருநஷ்டமாகும்.

தீக்குத் தப்பிய இரும்பும், பின்னர் கரியும் நீரும் சேர்ந்து உண்டாக்கும் துருவினால் கெடுகிறது. மின்கம்பியின் பி.வி.சி. உறை எரிந்த புகை, ஈரத்துடன் கலந்து அமிலமாகி அத்துருவை வளர்க்கிறது. ஆகவே, மின்சாரத்தைத் துண்டித்து, இயந்திரம் தானே ஆறியபின், கரியைத் துடைத்து, ஈரம் போக்கி, தாமதமின்றி எண்ணெய் பூசவேண்டும்.

வெப்பத்தின் அளவை உருகிய பொருள்களே காட்டும். காரீயம் 327 டிகிரி சென்டிகிரேடில் உருகும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அருகிலிருந்த அலுமினியம் உருகியிருந்தால், இயந்திரத்தின் அடிப்பாகம் வளைந்துள்ளதா, வெடித்துள்ளதா என்று தேர்ந்த தொழிலாளியைக் கொண்டு அளந்து பார்த்தல் அவசியம். தீயில் நீலம் பாய்ந்த பேரிங்குகள் பதம் இழந்தவை. அவற்றை மாற்றிவிட வேண்டும்.

மோட்டாரை நன்கு உலர்த்தி, அதன் மின்காப்பை மெக்கர் கருவியால் சோதிக்குமுன் ஓட்டலாகாது. ஈரமுள்ள மோட்டாரில் மின்சாரம் பாய்ந்தால் சுருள் கருகும். தொட்டவர் உயிருக்கும் ஆபத்து நேரும்.

ஆகவே, விற்குமுன் சோதிப்போம்; ஓட்டுமுன் உலர்த்துவோம். பட்டறையைக் காப்பது நம் பயிரைக் காப்பதேயாகும்.